விடை வேண்டாம், போதுமா என்று சொல்லுங்கள்!

நண்பர்களே, ஓர் ஈரிலக்க எண்ணை மனதில் நினைத்திருக்கிறேன். அது எந்த எண்? இரண்டு துப்பு தருகிறேன்.

கூற்று 1: அதன் இரண்டு இலக்கங்களையும் கூட்டினால் 11.
கூற்று 2: அந்த இரண்டு இலக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம் 3.

பென்சிலை எடுத்துவிட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள். எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இந்தத் துப்புகளைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியுமா, முடியாதா என்பதுதான் என் கேள்வி.

பள்ளிப் புத்தகத்தில் வரும் கணக்குகளில் தேவையான விவரமெல்லாம் இருக்கும். விடை நிச்சயம் உண்டு என்ற நம்பிக்கையோடு நாம் போடத் தொடங்குவோம். இந்த வகைக் கணக்கில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. கொடுத்த விவரம் போதுமா என்பதையே தீர்மானிக்க வேண்டும். வங்கித் தேர்வு எழுதும் அண்ணன் அக்காக்களைக் கேட்டுப் பாருங்கள், ‘டேட்டா சஃபிஷியன்சி’ என்பார்கள். மேலாண்மைப் படிப்பில் சேர உலகெங்கும் எழுதப்படும் ஜிமேட் தேர்விலும் இது உண்டு. நாம் இதைத் ‘தரவு போதுமா’ கணக்கு என்று வைத்துக்கொள்வோம்.

இதில் விடைகள் ஐந்தே ஐந்து:

அ) கூற்று 1 மட்டுமே போதும், கூற்று 2 மட்டும் போதாது.
ஆ) கூற்று 2 மட்டுமே போதும், கூற்று 1 மட்டும் போதாது.
இ) தனித்தனியே போதாது, இரண்டும் சேர்ந்தால் போதும்.
ஈ) எந்த ஒன்றை எடுத்தாலும் அதுவே போதும்.
உ) இரண்டும் சேர்ந்தாலும் போதாது.

எத்தனை எண்கள் மிஞ்சுகின்றன?

ஈரிலக்க எண்கள் 10 முதல் 99 வரை மொத்தம் 90. துப்பு எதுவும் இல்லாதபோது இந்த 90 எண்களில் எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு துப்பும் பொருந்தாத எண்களை வெளியே தள்ளும். கடைசியில் ஒரே ஓர் எண் மிஞ்சினால் துப்பு போதும். இரண்டு மிஞ்சினாலும் போதாது.

கூற்று 1ஐ மட்டும் பார்ப்போம். கூடுதல் 11 வரும் எண்கள் 29, 38, 47, 56, 65, 74, 83, 92. எட்டு எண்கள் மிஞ்சுகின்றன. போதாது.

இப்போது கூற்று 1ஐ அடியோடு மறந்துவிடுங்கள். இந்த இடத்தில்தான் பலருக்கும் கை தவறும். இரண்டாவது கூற்றைச் சோதிக்கும்போது முதல் கூற்று நமக்குத் தெரியாமலே மனதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை விடக் கூடாது. வித்தியாசம் 3 வரும் எண்கள் 14, 25, 36, 47, 58, 69 என்று ஒரு பக்கம். 30, 41, 52, 63, 74, 85, 96 என்று மறுபக்கம். ஆகமொத்தம் பதின்மூன்று. இதுவும் போதாது.

இனி இரண்டையும் சேர்க்கலாம். இரண்டு பட்டியலிலும் இருப்பவை எவை? 47 இருக்கிறது. அப்பாடா என்று நிறுத்திவிடாதீர்கள், 74உம் இருக்கிறது! 7க்கும் 4க்கும் வித்தியாசம் 3 என்று தெரிகிறதே தவிர, எது முன்னால், எது பின்னால் என்று கூற்று சொல்லவே இல்லை. ஆகவே விடை ‘உ’. இரண்டும் சேர்ந்தாலும் போதாது.

கூற்று 2ஐச் சற்றே மாற்றி, ‘பத்தாம் இலக்கம் ஒன்றாம் இலக்கத்தைவிட 3 அதிகம்’ என்று சொல்லியிருந்தால்? 74 மட்டும் நிற்கும். விடை ‘இ’ ஆகிவிடும். எது பெரியது என்ற சின்ன விவரம் சேர்ந்ததும் போதாதது போதுமானதாகிவிட்டது பாருங்கள்.

இதிலிருந்து ஒரு நல்ல உத்தி கிடைக்கிறது. ‘போதாது’ என்று நிரூபிக்க, துப்புக்குப் பொருந்தும் இரண்டு எண்களைக் காட்டினால் போதும். அவை கேள்விக்கு வெவ்வேறு விடை தர வேண்டும், அவ்வளவுதான். ‘போதும்’ என்று நிரூபிப்பதுதான் கடினம். ஓர் எண் பொருந்துகிறது என்று காட்டினால் ஆகாது, வேறு எதுவுமே பொருந்தாது என்றும் காட்ட வேண்டும்.

இல்லை என்பதும் விடைதான்

அடுத்த கணக்கு. ஒரு மூவிலக்க எண் 9ஆல் மீதியின்றி வகுபடுமா?

கூற்று 1: அதன் இலக்கங்களின் கூடுதல் 15.
கூற்று 2: அந்த எண் 3ஆல் வகுபடும்.

இலக்கங்களைக் கூட்டி 9ஆல் வகுபடுமா என்று பார்க்கும் விதி உங்களுக்குத் தெரியும். அது ஏன் வேலை செய்கிறது என்று 762ஐ வைத்துப் பார்ப்போம். இதில் ஏழு நூறுகள் இருக்கின்றன. ஒவ்வொரு நூறும் 99 + 1. ஆறு பத்துகள் இருக்கின்றன. ஒவ்வொரு பத்தும் 9 + 1. ஆகவே,

762 = (7 × 99) + (6 × 9) + (7 + 6 + 2)

முதல் இரண்டு பகுதிகளும் 9ஆல் வகுபட்டுவிடும். மீதியைத் தீர்மானிப்பது கடைசிப் பகுதியான 7 + 6 + 2 மட்டுமே. அதாவது 15. அதை 9ஆல் வகுத்தால் மீதி 6. நேரடியாக 762ஐ வகுத்துப் பாருங்கள், அதே 6தான் மீதி வரும். எந்த எண்ணை எடுத்தாலும் இப்படியே.

ஆகவே கூடுதல் 15 உள்ள எந்த எண்ணும் 9ஆல் வகுபடாது. கேள்விக்கு ‘வகுபடாது’ என்ற உறுதியான விடை கிடைத்துவிட்டது. கூற்று 1 போதும்!

‘வகுபடாது என்றுதானே வருகிறது, அப்படியானால் போதாது’ என்று சிலர் எழுதிவிடுவார்கள். வகுபடுமா என்று கேட்டால் ‘ஆம்’ எப்படி ஒரு விடையோ, ‘இல்லை’யும் அப்படியே. ஒருமுறை ‘ஆம்’, ஒருமுறை ‘இல்லை’ என்று மாறி மாறி வந்தால்தான் போதாது. கூற்று 2 அப்படிப்பட்டது. 108, 102 இரண்டும் 3ஆல் வகுபடும். 108 ஒன்பதால் வகுபடும், 102 வகுபடாது. ஆகவே கூற்று 2 போதாது. விடை ‘அ’.

ஒரே சேதி, இரண்டு வேடம்

ஓர் ஈரிலக்க எண் எது?

கூற்று 1: அந்த எண்ணிலிருந்து, அதைத் திருப்பி எழுதிய எண்ணைக் கழித்தால் 36.
கூற்று 2: பத்தாம் இலக்கம் ஒன்றாம் இலக்கத்தைவிட 4 அதிகம்.

பத்தாம் இலக்கத்தை ‘ப’ என்றும் ஒன்றாம் இலக்கத்தை ‘ஒ’ என்றும் வைத்துக்கொள்வோம். எண்ணின் மதிப்பு 10ப + ஒ. திருப்பினால் 10ஒ + ப. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 9ப – 9ஒ வரும், அதாவது 9 × (ப – ஒ). எந்த ஈரிலக்க எண்ணைத் திருப்பிக் கழித்தாலும் 9இன் மடங்குதான் வரும் என்பதற்கு இதுவே காரணம்.

கழித்தால் 36 என்றால் ப – ஒ = 4. ஆனால் இதைத்தானே கூற்று 2உம் சொல்கிறது! இரண்டு கூற்றுகள் தந்திருப்பதாகத் தோன்றினாலும் நம் கையில் இருப்பது ஒரே சேதி. 51, 62, 73, 84, 95 எல்லாமே பொருந்துகின்றன. விடை ‘உ’.

இங்கே ‘இலக்கங்களின் கூடுதல் 12’ என்று வேறொரு சேதி கிடைத்தால் உடனே 84 என்று சொல்லிவிடலாம். துப்புகளை எண்ணிப் பார்ப்பதைவிட, ஒவ்வொரு துப்பும் புதிதாக ஏதாவது சொல்கிறதா என்று பார்ப்பதே முக்கியம்.

சொல்லாமல் சொன்ன துப்பு

‘தெரியாதவை இரண்டு என்றால் சமன்பாடும் இரண்டு வேண்டும்’ என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். இலக்கக் கணக்குகளில் இதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு விடை எழுதக் கூடாது. ஏன் என்று பாருங்கள்.

ஓர் ஈரிலக்க எண், தன் இலக்கங்களின் பெருக்கற்பலனைப் போல இரண்டு மடங்கு. அந்த எண் எது?

சமன்பாடு ஒன்றுதான்: 10ப + ஒ = 2 × ப × ஒ. தெரியாதவையோ இரண்டு. போதாது என்று எழுதத் தோன்றும். ஆனால் பத்தாம் இலக்கமாக 1 முதல் 9 வரைதான் வர முடியும். ஒன்பது முறை பார்த்துவிடலாமே.

ப = 1 என்றால் 10 + ஒ = 2ஒ. ஒ = 10 என்று வருகிறது. பத்து ஓர் இலக்கமே அல்ல, தள்ளிவிடுங்கள்.
ப = 2 என்றால் 20 = 3ஒ. இருபது மூன்றால் வகுபடாது.
ப = 3 என்றால் 30 = 5ஒ. ஒ = 6. பொருந்துகிறது!
ப = 4 என்றால் 40 = 7ஒ. வகுபடாது.

இப்படியே 50 = 9ஒ, 60 = 11ஒ, 70 = 13ஒ, 80 = 15ஒ, 90 = 17ஒ என்று போகும். எதிலும் முழு எண் வராது. மிஞ்சியது 36 மட்டுமே. மூன்றையும் ஆறையும் பெருக்கினால் 18, அதன் இரு மடங்கு 36. ஒரே சமன்பாடு போதுமானதாகிவிட்டது!

எப்படி முடிந்தது? இலக்கம் என்று சொன்னவுடனேயே மூன்று துப்புகள் கூடவே வந்துவிடுகின்றன. அது முழு எண். 0 முதல் 9 வரைக்குள் இருக்கும். முதல் இலக்கமாகப் பூஜ்யம் வராது. இவற்றை யாரும் எழுதிக் காட்டுவதில்லை. நாமாகத்தான் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொரு கணக்கு. ஓர் ஈரிலக்க எண்ணில், இலக்கங்களின் கூடுதலோடு இலக்கங்களின் பெருக்கற்பலனையும் சேர்த்தால் அதே எண் திரும்பக் கிடைக்கிறது. 29ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 2 + 9 = 11, 2 × 9 = 18, இரண்டும் சேர்ந்தால் 29. சமன்பாடாக எழுதினால் 10ப + ஒ = ப + ஒ + (ப × ஒ). இருபுறமும் பொதுவாக இருப்பதை நீக்கினால் 9ப = ப × ஒ. ஆகவே ஒ = 9. ‘எண் எது?’ என்று கேட்டால் 19, 29, 39 என்று 99 வரை ஒன்பது விடைகள், துப்பு போதாது. ‘ஒன்றாம் இலக்கம் எது?’ என்று கேட்டால் 9 என்று தயங்காமல் சொல்லலாம், துப்பு போதும். துப்பு மாறவில்லை, கேள்வி மாறியது. ஆகவே கூற்றுகளுக்குள் நுழையும் முன் கேள்வியை இரண்டு முறை படியுங்கள்.

ராமானுஜன் எண்ணில் ஒரு துப்பு

1729 என்றதும் கணித மேதை ராமானுஜன் நினைவுக்கு வருவார். இரண்டு கன எண்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது: 1729 = 12³ + 1³ = 10³ + 9³. அதன் இலக்கங்களிலும் ஓர் அழகு இருக்கிறது. 1 + 7 + 2 + 9 = 19. இந்த 19ஐத் திருப்பினால் 91. இரண்டையும் பெருக்குங்கள்: 19 × 91 = 1729!

இப்படி, இலக்கக் கூடுதலையும் அதைத் திருப்பிய எண்ணையும் பெருக்கினால் அதே எண் வரும் மிகை முழு எண்கள் நான்கே நான்கு என்று ஜப்பானியக் கணிதவியலாளர் மசாஹிகோ புஜிவாரா காட்டியிருக்கிறார். அவை 1, 81, 1458, 1729. 1458ஐச் சோதித்துப் பாருங்கள்: கூடுதல் 18, திருப்பினால் 81, 18 × 81 = 1458.

இனி கணக்கு. இந்தக் குணம் கொண்ட ஓர் எண்ணை நினைத்திருக்கிறேன். அது எது? கூற்று 1: அது நான்கு இலக்க எண். கூற்று 2: அது ஒற்றை எண். முதல் கூற்றால் 1458, 1729 இரண்டும் மிஞ்சும். இரண்டாவதால் 1, 81, 1729 மூன்றும் மிஞ்சும். சேர்த்துப் பார்த்தால் 1729 மட்டும். விடை ‘இ’.

அழிந்துபோன இலக்கம்

‘போதுமா’ என்ற இந்தக் கேள்வி தேர்வுத்தாளில் மட்டும் இல்லை. உங்கள் புத்தகத்தின் பின்னட்டையிலும் இருக்கிறது. கறுப்புக் கோடுகளுக்குப் பக்கத்தில் 13 இலக்கங்களில் ஓர் எண் அச்சாகியிருக்கும். ஐ.எஸ்.பி.என். என்று சொல்லப்படும் புத்தக எண் அது. முன்பு 10 இலக்கங்களாக இருந்தது, 2007 முதல் 13 ஆனது. இந்தியப் புத்தகங்களில் பெரும்பாலும் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும்.

இந்த 13 இலக்கங்களுக்கும் ஒரு சட்டம் உண்டு. இடமிருந்து வலமாக, ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களை 1ஆலும் இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றை 3ஆலும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால், கூடுதல் 10இன் மடங்காக இருக்க வேண்டும். அப்படி அமையும்படிதான் 13ஆவது இலக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் பெயர் சரிபார்ப்பு இலக்கம்.

ஓர் எண்ணில் எட்டாவது இலக்கம் அழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்:

9 7 8 0 3 0 6 ? 0 6 1 5 7

தெரிந்தவற்றைச் சட்டப்படி கூட்டுவோம். 9 + 21 + 8 + 0 + 3 + 0 + 6, பிறகு அழிந்த இடம், பிறகு 0 + 18 + 1 + 15 + 7. மொத்தம் 88. எட்டாவது இடம் இரட்டைப்படை, ஆகவே அழிந்த இலக்கத்தை 3ஆல் பெருக்கி 88ஓடு சேர்த்தால் 10இன் மடங்கு வர வேண்டும். அதாவது அந்தப் பெருக்கற்பலன் 2இல் முடிய வேண்டும்.

மூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பாருங்கள்: 0, 3, 6, 9, 12, 15, 18, 21, 24, 27. கடைசி இலக்கங்கள் 0, 3, 6, 9, 2, 5, 8, 1, 4, 7. பத்தும் வெவ்வேறு! 2இல் முடிவது 12 மட்டுமே. ஆகவே அழிந்த இலக்கம் 4. மீதிப் பன்னிரண்டு இலக்கங்களே அதைக் கண்டுபிடிக்கப் போதுமானவை.

3க்குப் பதிலாக 2ஆல் பெருக்கும்படி சட்டம் இருந்தால் என்ன ஆகும்? இரண்டாம் வாய்ப்பாட்டில் 2இல் முடிபவை 2, 12 என்று இரண்டு. அழிந்தது 1ஆ, 6ஆ என்று தெரியாமல் தவிப்போம். 5ஆல் பெருக்கினால் இன்னும் மோசம், எல்லாமே 0இலோ 5இலோ முடியும். போதுமா என்ற கேள்விக்கு எப்போதும் ‘போதும்’ என்று விடை வரும்படிதான் 3 அங்கே உட்கார்ந்திருக்கிறது.

ஏழாவது, எட்டாவது இலக்கங்கள் இரண்டும் அழிந்திருந்தால்? மீதியின் கூடுதல் 82. எட்டாவது இடத்தில் 0 முதல் 9 வரை எதை வைத்தாலும், அதற்கேற்ற ஏழாவது இலக்கம் ஒன்று கிடைத்துவிடும். பத்து ஜோடிகள் பொருந்தும். போதாது. அப்போது ஊகித்து எழுதக் கூடாது. புத்தகத்தின் உள்பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

விவரம் போதாது என்று காரணத்தோடு சொல்லத் தெரிவது பெரிய திறமை. நோயாளியிடம் இன்னொரு பரிசோதனை கேட்கும் மருத்துவரும், இன்னொரு முறை அளந்து பார்க்கும் விஞ்ஞானியும் செய்வது இதைத்தான். அந்தப் பழக்கத்தை வெறும் பத்து இலக்கங்களை வைத்துக்கொண்டு நாம் இப்போதே கற்றுக்கொள்ளலாம்.

நீங்கள் போட்டுப் பாருங்கள்

1. ஓர் ஈரிலக்க எண் எது? கூற்று 1: இலக்கங்களின் பெருக்கற்பலன் 21. கூற்று 2: அது ஒரு பகா எண்.

2. ஓர் ஈரிலக்க எண்ணின் இலக்கங்களின் கூடுதல் என்ன? கூற்று 1: அந்த எண்ணையும் அதைத் திருப்பிய எண்ணையும் கூட்டினால் ஒரு முழு வர்க்க எண் வரும். கூற்று 2: பத்தாம் இலக்கம் ஒன்றாம் இலக்கத்தைவிட 5 அதிகம்.

3. ஒரு மூவிலக்க எண் இரட்டை எண்ணா? கூற்று 1: மூன்று இலக்கங்களின் பெருக்கற்பலன் ஓர் ஒற்றை எண். கூற்று 2: மூன்று இலக்கங்களின் கூடுதல் ஓர் ஒற்றை எண்.

விடைகள்

1. ‘உ’. பெருக்கற்பலன் 21 வருபவை 37, 73. இரண்டுமே பகா எண்கள்.

2. ‘அ’. இரண்டையும் கூட்டினால் 11 × (ப + ஒ) வரும். அது முழு வர்க்கமாக இருக்க ப + ஒ என்பது 11இன் மடங்காக வேண்டும். இரண்டு இலக்கங்களின் கூடுதல் 18ஐத் தாண்டாது, ஆகவே 11 மட்டுமே. எண் எது என்று தெரியாவிட்டாலும் கூடுதல் தெரிந்துவிட்டது. கூற்று 2க்கு 50, 61 இரண்டும் பொருந்தும்; கூடுதல் 5, 7 என்று மாறுகிறது.

3. ‘அ’. பெருக்கற்பலன் ஒற்றை என்றால் மூன்று இலக்கங்களும் ஒற்றை. ஒன்றாம் இலக்கம் ஒற்றையாக இருப்பதால் எண் இரட்டை அல்ல. உறுதியான ‘இல்லை’. கூற்று 2க்கு 111உம் பொருந்தும், 210உம் பொருந்தும்; ஒன்று ஒற்றை, ஒன்று இரட்டை.

மூன்றையும் முடித்தவர்கள் அடுத்த படியாக நீங்களே ஒரு கணக்கு உருவாக்குங்கள். ஓர் எண்ணை நினைத்து, தனித்தனியே போதாத, சேர்ந்தால் மட்டும் போதும் இரண்டு கூற்றுகளை எழுதுங்கள். வேறெந்த எண்ணும் பொருந்தவில்லை என்று பட்டியல் போட்டு உறுதி செய்துகொண்ட பிறகு நண்பரிடம் நீட்டுங்கள்.